நள்ளிரவில் மெத்தை சுமந்த பேராசிரியர்: பெரிய ஹாலில் உங்க ஸ்பீக்கர் ஏன் சொதப்புகிறது?

புது வீட்டுக்குக் குடிபோன முதல் ஞாயிற்றுக்கிழமை. பழைய வீட்டில், பத்துக்குப் பன்னிரண்டு பெட்ரூமில் அருமையாகப் பாடிக்கொண்டிருந்த அதே ஸ்பீக்கர்கள்தான். அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஒயர். ஆனால் புது ஹாலில் பாட்டு ஏதோ காலி கல்யாண மண்டபத்துக்குள்ளிருந்து வருவது மாதிரி கேட்கிறது. பாடகரின் சொற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழிகின்றன. சப்ஊஃபர், சுவர் ஓரத்தில் நிற்பவரின் நெஞ்சை இடிக்கிறது. நடு ஹாலில் சோபாவில் உட்கார்ந்தவருக்கு அது ஓடுகிறதா என்றே சந்தேகம்.

இந்த இடத்தில் நம்மில் பலர் செய்வது, இன்னும் பெரிய ஸ்பீக்கராக ஆன்லைனில் தேடுவது. கொஞ்சம் பொறுங்க. ஒரு அறை ஒலியை என்ன செய்கிறது என்பதை முதன்முதலில் எண்களில் எழுதிக் காட்டியவர் வாலஸ் கிளெமென்ட் சேபைன் என்ற அமெரிக்க இயற்பியலாளர். ஸ்டீரியோவும் சப்ஊஃபரும் வருவதற்கு முன்பே, 1919-ல் இறந்துவிட்டார். ஆனாலும் இன்று கச்சேரி அரங்கமோ சினிமா தியேட்டரோ ரெக்கார்டிங் ஸ்டுடியோவோ கட்டுகிறவர்கள் அவருடைய சமன்பாட்டில்தான் கணக்கைத் தொடங்குகிறார்கள். உங்க ஹாலுக்கும் அது பொருந்தும். எங்கே பொருந்தாது என்பது இன்னும் சுவாரஸ்யம், அதைப் பின்னால் பார்க்கலாம்.

யார் இந்த சேபைன்?

1868 ஜூன் 13 அன்று ஓஹியோ மாநிலத்தின் ரிச்வுட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். 18 வயதிலேயே ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிவிட்டார். மேற்படிப்புக்கு ஹார்வர்ட். 1888-ல் எம்.ஏ. முடித்தார், அதோடு சரி, பிஎச்.டி. கடைசி வரை வாங்கவில்லை. அங்கேயே ஆசிரியரானார். நல்ல ஆசிரியர், பரிசோதனையில் கறாரானவர் என்று பெயர். ஒலியியலில் அவர் அதுவரை எந்த ஆராய்ச்சியும் செய்ததில்லை.

1895-ல் ஹார்வர்டில் ஃபாக் கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட், அன்றைய அமெரிக்காவின் மிகப் பிரபலமான கட்டடக் கலைஞர்களில் ஒருவர். அதற்குள் சுமார் 400 பேர் உட்காரும் ஒரு விரிவுரை அரங்கம். திறந்த சில நாட்களிலேயே விஷயம் தெரிந்துவிட்டது: உள்ளே பேசினால் ஒன்றும் புரியவில்லை. சொன்ன ஒரு சொல் ஐந்தரை நொடி வரை அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் பேசுபவர் இன்னும் பன்னிரண்டு, பதினைந்து சொற்களைச் சொல்லி முடித்திருப்பார். எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சல்.

பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் இந்தத் தலைவலியை 27 வயது சேபைனிடம் ஒப்படைத்தார். அந்த ஒரு அறையைச் சரி செய்து கொடு, அவ்வளவுதான் வேலை.

அந்தக் காலத்தில் இதற்கு இருந்த வைத்தியங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். அரங்கத்தின் மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி கட்டுவார்கள். கம்பி எதிரொலியைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக்கை. கம்பியால் ஒரு பயனும் இல்லை என்று சேபைன் பின்னர் எழுதினார். சிரிப்பதற்கு முன் ஒன்று: இன்றைக்கும் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறோமே, அது இந்தக் கம்பியின் பேரன்தான்.

இரவு வேலை

சேபைன் செய்தது எளிமையானது, ஆனால் உடம்பை உருக்குவது. பக்கத்திலேயே சாண்டர்ஸ் தியேட்டர் என்ற இன்னொரு ஹார்வர்ட் அரங்கம் இருந்தது. ஃபாக் அரங்கத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரியது, ஆனால் பேச்சு தெளிவாகக் கேட்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சாண்டர்ஸின் இருக்கைகளில் மெத்தைகள் இருந்தன.

அந்த மெத்தைகளை ராத்திரியில் கடன் வாங்கினார். தெருவில் டிராம் வண்டிகளின் சத்தம் அடங்கிய பிறகு, உதவியாளர்களோடு சேர்ந்து ஃபாக் அரங்கத்துக்குச் சுமந்து வருவார். சில மெத்தைகளைப் போட்டு, 512 ஹெர்ட்ஸ் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, நிறுத்துவார். காதுக்குக் கேட்காமல் போகும் வரை எத்தனை நொடி? குறித்துக்கொள்வார். இன்னும் கொஞ்சம் மெத்தை. மறுபடி அளவு. விடிவதற்குள் எல்லா மெத்தையும் சாண்டர்ஸில் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும், காலையில் அங்கே ஆட்கள் வருவார்கள். மைக்ரோஃபோன், மீட்டர் எதுவும் கிடையாது. நேரத்தைப் பதிக்கும் கருவி ஒன்றும், அவருடைய காதும்தான்.

மெத்தையே இல்லாதபோது 5.6 நொடி. அறை முழுக்க, நடைபாதை, மேடை, பின்சுவர் என்று மெத்தையை அடுக்கியபோது ஒரு நொடியைச் சற்றே தாண்டியது. இடைப்பட்ட ஒவ்வொரு நிலையையும் அளந்தார். ஒரு கட்டத்தில் தான் போட்டிருக்கும் உடுப்பே அளவை மாற்றுகிறது என்று கண்டுபிடித்தார். அதற்கு முன் எடுத்திருந்த ஒரு பெரிய தொகுதி அளவீடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்றிலிருந்து பரிசோதனைக்கு ஒரே மாதிரி உடுப்பு. நம் ஊரில் ஒரு ரிவ்யூவர் இந்த அளவு கறாராக இருந்தால் பாதி யூடியூப் சேனல்கள் மூடப்படும்.

இப்படி இரண்டு வருடத்துக்கு மேல். ஒரு அறையைச் சரி செய்யச் சொன்னால் இவ்வளவு நாளா என்று எலியட்டுக்குப் பொறுமை போனது. அளந்தது போதும், செய்து முடி என்று நெருக்கினார். 1898-ல் ஃபாக் அரங்கத்தின் சுவர்களில் முடியால் ஆன கம்பளத் துணி பொருத்தப்பட்டது. அறை பிரமாதமாகிவிடவில்லை, பேச்சு புரியும் அளவுக்கு வந்தது. அந்தக் கட்டடம் 1973-ல் இடிக்கப்பட்டது.

பாஸ்டனில் இருந்து வந்த அழைப்பு

கதை இங்கேயே முடிந்திருந்தால் சேபைன் ஒரு அடிக்குறிப்பாகத்தான் இருந்திருப்பார். ஆனால் அதே நேரத்தில் பாஸ்டன் சிம்பனி இசைக்குழுவை நிறுவிய ஹென்றி லீ ஹிக்கின்சன் புது அரங்கம் கட்டத் திட்டமிட்டிருந்தார். எலியட் அவருக்கு சேபைனின் பெயரைச் சொன்னார்.

சேபைன் தயங்கினார். தயக்கம் நியாயமானது. அவரிடம் இருந்தது மெத்தைகளும் நொடிகளும் நிரம்பிய நோட்டுப் புத்தகங்கள். கட்டப்பட்ட அறையை அளக்கத் தெரியும். இன்னும் கட்டாத ஒரு அறை எப்படி ஒலிக்கும் என்று சொல்ல அவரிடம் விதி இல்லை. ஒரு நகரமே பார்த்துக்கொண்டிருக்கும் அரங்கம், இன்னொருவரின் பணம். தப்பானால் இடித்துக் கட்ட முடியாது.

அதன் பின் சில நாட்கள் பழைய எண்களோடு உட்கார்ந்தார். 1898 அக்டோபர் 29 மாலை, வீட்டில், அந்த வளைகோடு ஒரு அதிபரவளையம் என்பது அவருக்குப் பிடிபட்டது. அதாவது, ஒலி தங்கும் நேரத்தை அறையிலுள்ள மொத்த உறிஞ்சும் திறனால் பெருக்கினால், அந்த அறைக்கு அது எப்போதும் ஒரே எண்தான். அந்த எண் அறையின் கன அளவைப் பொறுத்தது. பக்கத்து அறையில் இருந்த அம்மாவிடம்தான் முதலில் சொன்னார் என்பார்கள். உடனே ஹிக்கின்சனின் வேலையை ஏற்றுக்கொண்டார்.

இன்றைய மெட்ரிக் அளவில் அந்த விதி இதுதான்: எதிரொலிப்பு நேரம் = 0.161 × அறையின் கன அளவு ÷ மொத்த உறிஞ்சல். கன அளவு கன மீட்டரில். உறிஞ்சலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் ஒரு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பாது, எனவே 1 சதுர மீட்டர் திறந்த ஜன்னல் 1 அலகு. ஒரு பொருள் விழும் ஒலியில் பாதியை விழுங்கினால் அதற்கு 0.5. அந்த ஆர்கன் குழாயின் ஒலி, காதுக்குக் கேட்கும் குறைந்தபட்ச ஒலியைப் போல் சுமார் பத்து லட்சம் மடங்கு. பத்து லட்சம் மடங்கு குறைவது என்றால் 60 டெசிபெல். இன்றைக்கு ஆர்டி60 என்று சொல்லும் அளவு அங்கிருந்து வந்ததுதான்.

கட்டடக் கலைஞர் சார்லஸ் மெக்கிம் முதலில் கிரேக்க அரங்கம் போல அரைவட்ட வடிவம் வரைந்திருந்தார். அது கைவிடப்பட்டு, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் அரங்கத்தின் செவ்வக வடிவம் முன்மாதிரியானது. ஆனால் பாஸ்டனுக்கு 2,600 இருக்கைகள் வேண்டும். லைப்சிக்கில் இருந்தது சுமார் 1,500. எல்லாப் பக்கத்தையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்கினால் போதும் என்று நினைப்பது இயல்பு. சேபைன் கணக்குப் போட்டார்: கன அளவு எகிறும், ஒலி 3 நொடிக்கு மேல் தங்கும். அதனால் அகலத்தையும் உயரத்தையும் அடக்கி, நீளத்தைக் கூட்டினார்கள். 1900 அக்டோபர் 15-ல் பாஸ்டன் சிம்பனி ஹால் திறக்கப்பட்டது. ஒலி விதியைக் கணக்குப் போட்டுக் கட்டிய உலகின் முதல் அரங்கம்.

கைதட்டல் உடனே வரவில்லை. சில விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை, பழைய மியூசிக் ஹாலே மேல் என்றவர்களும் இருந்தார்கள். இன்னொரு சங்கடமும் இருந்தது. ஆட்கள் நிறைந்த அரங்கத்துக்கு சேபைன் கணித்தது 2.31 நொடி. உண்மையில் வந்தது சுமார் 1.9. உட்கார்ந்திருக்கும் கூட்டம் எவ்வளவு ஒலியை விழுங்கும் என்பதை அவர் குறைத்து மதிப்பிட்டிருந்தார். பிற்காலத்தில் அந்த அரங்கத்தைப் பற்றிப் பேசுவதையே அவர் தவிர்த்தார் என்று சொல்லப்படுகிறது. இன்று வியன்னா, ஆம்ஸ்டர்டாம் அரங்கங்களோடு சேர்த்து உலகின் மிகச் சிறந்த கச்சேரி அரங்கங்களில் ஒன்றாக அதை வைக்கிறார்கள். அவருக்கு அது தெரியாது.

சரி, உங்க ஹாலுக்கு வருவோம்

8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம், அதாவது சுமார் 26-க்கு 20 அடி. கன அளவு 144. தரை, கூரை, சுவர் எல்லாம் சேர்த்து 180 சதுர மீட்டர். விட்ரிஃபைட் டைல்ஸ், பூசி பெயின்ட் அடித்த சுவர், இவை விழும் ஒலியில் ஏறக்குறைய 3 சதவீதத்தைத்தான் உறிஞ்சும். மொத்த உறிஞ்சல் 5.4. கணக்குப்படி எதிரொலிப்பு நேரம் 4.3 நொடி. அதாவது சாமான் இறக்காத புது ஹால், 1895-ன் ஃபாக் அரங்கத்துக்கு ரொம்ப தூரத்தில் இல்லை!

இப்போது ஒரு 6 மீட்டர் சுவர் முழுக்க மடிப்பு மடிப்பாகக் கனமான திரை போடுங்க: சுமார் 9 அலகு. 12 சதுர மீட்டர் தடித்த கார்பெட்: 3.6. துணி சோபாவும் புத்தக அலமாரியும் சேர்ந்து தோராயமாக 6. நேரம் ஒரு நொடிக்கு இறங்கிவிடும். நான்கில் ஒரு பங்கு! ஆம்ப்ளிஃபயரைத் தொடவே இல்லை. இரண்டடிக்கு நான்கடி கண்ணாடி இழை அல்லது ராக்வூல் பேனல் பத்து மாட்டினால் முக்கால் நொடிக்குப் பக்கத்தில் வரும்.

எவ்வளவு வரை குறைக்கலாம்? இதற்கும் சேபைனிடம் ஒரு பதில் இருக்கிறது, எனக்கு அவர் செய்ததிலேயே பிடித்த பரிசோதனை இது. 1902-ல் பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில், பியானோ கற்றுக்கொடுக்கும் அறைகள் ஐந்தில், இசைக் கலைஞர்களை உட்கார வைத்தார். கிட்டத்தட்ட நம் வீட்டு ஹால் அளவு அறைகள். மெத்தைகளைக் கூட்டிக் குறைத்து, எப்போது நன்றாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நொடிக் கணக்கை அவர்களிடம் சொல்லவில்லை. ஐந்து அறைகளிலும் அவர்கள் தேர்ந்தெடுத்த நிலையின் சராசரி 1.08 நொடி, விலகல் மிகக் கொஞ்சம். நல்ல காதின் ரசனை ஒரு அளவுகருவி போல துல்லியமானது என்று அதிலிருந்து தெரிந்தது.

ஆனால் அது நேரில் வாசிக்கும் பியானோவுக்கு. ரெக்கார்டிங்கில் ஸ்டுடியோவின், அரங்கத்தின் எதிரொலி ஏற்கெனவே கலந்திருக்கும். அதன் மேல் உங்க ஹாலும் ஒரு நொடி சேர்த்தால் இரட்டைப் பூச்சு. அதனால் ஸ்பீக்கரில் கேட்க அரை நொடி முதல் முக்கால் நொடி வரை இருந்தால் வசதி. இன்னொன்று: உறிஞ்சும் பொருளை அறையில் எங்கே வைத்தாலும் எதிரொலிப்பு நேரம் ஏறக்குறைய அதேதான் என்று சேபைன் கண்டார். ஸ்டீரியோவுக்கு மட்டும் இடம் முக்கியம். சோபாவில் நீங்கள் உட்கார்ந்திருக்க, நண்பர் பக்கச் சுவரில் ஒரு கண்ணாடியை நகர்த்தட்டும். அதில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் முதல் பேனலை மாட்டுங்க. பெரிய அறையில் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து தள்ளி, நீங்களும் கிட்டே போய் உட்காருவது காசில்லாத வைத்தியம். அறையின் ஒலியைவிட ஸ்பீக்கரின் நேரடி ஒலி காதுக்கு முந்தும்.

சப்ஊஃபர் ஏன் இந்தக் கணக்கில் அடங்காது?

சேபைனின் விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒலி அறை முழுக்கச் சமமாகச் சிதறியிருக்க வேண்டும். ஒலியின் அலைநீளம் அறையைவிட ரொம்பச் சின்னதாக இருந்தால்தான் இது நடக்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 4.3 மீட்டர். உங்க அறையில் பாதி! இந்த எல்லை எங்கே என்பதை மன்ஃப்ரெட் ஷ்ரோடர் 1954-ல் கணக்கிட்டுக் காட்டினார். நம் உதாரண ஹாலில், ஒரு நொடி எதிரொலிப்பு இருக்கும்போது, அது சுமார் 167 ஹெர்ட்ஸ். சப்ஊஃபர் வேலை செய்வது முழுக்க அதற்குக் கீழே.

அங்கே ஒலி, இரண்டு சுவர்களுக்கு நடுவே ஊஞ்சல் மாதிரி ஆடுகிறது. 8 மீட்டர் நீளத்துக்கு 21, 43, 64 ஹெர்ட்ஸ். 6 மீட்டர் அகலத்துக்கு 29, 57. உயரம் 3 மீட்டருக்கும் அதே 57! அகலம் உயரத்தின் சரியாக இரண்டு மடங்கு என்பதால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அந்த ஒரு சுரம் மட்டும் முழங்கும். இதில் நீளவாக்கில் சரியாக நடுவில் சோபா போட்டால் 21, 64 இரண்டும் அங்கே ஏறக்குறைய பூஜ்ஜியம். சுவர் ஓரத்தில் உச்சம். ஆரம்பத்தில் சொன்ன சுவரோரக்காரருக்கும் சோபாக்காரருக்கும் நடந்தது இதுதான். இதற்கு சப்ஊஃபரின் ஒலியைக் கூட்டுவது வீண். பூஜ்ஜியத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்ஜியம்தானே.

திரையும் ஒரு அங்குல ஃபோமும் இங்கே உதவாது. சேபைனே பின்னாளில் 64 முதல் 4,096 ஹெர்ட்ஸ் வரை தனித்தனியாக அளந்து, பொருட்களின் உறிஞ்சும் திறன் சுருதிக்குச் சுருதி மாறுகிறது என்று காட்டினார். அதனால் முதலில் சோபாவை நடுவிலிருந்து ஒன்றிரண்டு அடி நகர்த்துங்க. பிறகு சப்ஊஃபரைத் தூக்கி சோபா மேல், நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, பாஸ் வரிசை நிறைய உள்ள ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்க. எந்த இடத்தில் எல்லா சுரமும் சமமாகக் கேட்கிறதோ, அங்கேதான் சப்ஊஃபர். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை. இரண்டு சின்ன சப்ஊஃபர் வாங்க முடிந்தால் ஒரு பெரியதைவிட நல்லது: முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று. 21, 29, 64 ஆகியவை கிளம்பும்போதே பெரும்பாலும் அடங்கிவிடும்.

கடைசி வருடங்கள்

1900-ல் ஜேன் டவுன்ஸ் கெல்லி என்ற மருத்துவரை சேபைன் மணந்தார். 1905-ல் பேராசிரியர், அடுத்த வருடமே ஹார்வர்டின் லாரன்ஸ் அறிவியல் பள்ளிக்கு டீன். நிர்வாகம் அவருடைய பத்து வருடத்தைத் தின்றது. என் கணக்கில் அது ஒலியியலுக்கு நஷ்டம். இருந்தும் 1913-ல் அரங்கங்களின் சின்ன மாதிரிகளுக்குள் ஒலி அலை ஓடுவதைப் புகைப்படமாகவே எடுத்துக் காட்டினார். குவாஸ்டவினோ என்ற ஓடு கட்டுமானக்காரரோடு சேர்ந்து, தேவாலயங்களுக்காக ஒலியை உறிஞ்சும் ஓடுகளை உருவாக்கினார்.

முதல் உலகப் போர் வந்தது. ஐரோப்பாவில் விமானப் படை தொடர்பான வேலைகள், பிறகு வாஷிங்டனில் விமான உற்பத்தி அலுவலகம், நடுநடுவே ஹார்வர்டில் வகுப்பு. உடம்பு கெட்டது; சிகிச்சையை வேலைக்காகத் தள்ளிப்போட்டார். 1919 ஜனவரி 10 அன்று இறந்தபோது வயது 50. கட்டுரைகள் தொகுக்கப்பட்டு 1922-ல்தான் புத்தகமாக வந்தன. உறிஞ்சலின் அலகுக்கு இன்று சேபின் என்று பெயர்.

அவருக்கென்றே இல்லினாய் மாநிலத்தின் ஜெனிவா நகரில் ஜார்ஜ் ஃபேபியன் என்ற செல்வந்தர் ஒரு ஆய்வகம் கட்டியிருந்தார். 1918-ல் கட்டி முடிந்தது. சேபைன் அதில் வேலை தொடங்கவே இல்லை. தூரத்து உறவினரான பால் சேபைன் பொறுப்பேற்று நடத்தினார். ரிவர்பேங்க் என்ற அந்த ஆய்வகத்தில் இன்றும் ஒலி உறிஞ்சும் பொருட்களைச் சோதிக்கிறார்கள்: காலி அறையில் ஒலி தங்கும் நேரத்தை அளப்பது, பொருளை உள்ளே வைத்து மறுபடி அளப்பது. மெத்தை வைத்துச் செய்த அதே வேலை. நீங்கள் பேனல் வாங்கும்போது விற்பவர் காட்டும் உறிஞ்சல் அட்டவணை இப்படியான சோதனையில் வந்ததாக இருக்க வேண்டும். அதில் 1,000 ஹெர்ட்ஸ் எண் எல்லோருக்குமே அழகாகத்தான் இருக்கும். 125 ஹெர்ட்ஸில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்க.